வெளிநாட்டு ஃபெல்லோவை அழைப்பதற்கு முன்னால் எழுத வேண்டிய சீட்டு

போன தை மாதம், கல்லலில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம், அதில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஃபெல்லோஷிப் திட்டத்தின் பெயரை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தம்பி, இதுல சேர்ந்தா வெளிநாட்டுக்காரங்க வந்து நமக்கு வேலை பார்த்துக் கொடுப்பாங்களாம். காசு நாம கொடுக்கணுமா, அவங்க கொடுப்பாங்களா? அதை மட்டும் சொல்லு" என்றார். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மதியச் சாப்பாடு வரைக்கும் போனது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் சின்ன அளவில் டிரஸ்டும் சங்கமும் நடத்துகிற பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது, அதனால் அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், ஃபெல்லோ என்றால் யார்? ஒரு படிப்பையோ தொழிலையோ முடித்தவர், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, உங்கள் நிறுவனத்தில் வந்து உட்காருபவர். அவரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கைச்செலவுக்கு ஒரு தொகையும் கொடுத்து அனுப்பி வைப்பது ஒரு அமைப்பு. அவர் வேலை செய்யும் இடம் நீங்கள். ஆக அனுப்புகிறவர், வருகிறவர், ஏற்றுக்கொள்கிறவர் என்று மூன்று பேர் இதில் இருக்கிறார்கள். நாம் பேசும்போது பெரும்பாலும் நடுவில் இருக்கிற அந்த ஒருவரை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறோம். அனுப்புகிற அமைப்புக்கு என்று ஒரு நோக்கம் உண்டு, அந்த இளைஞர் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும் என்பது அதில் பெரிய பங்கு. உங்களுக்கு வேலை நடக்க வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் போகலாம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பது தெரிந்துதான் ஏற வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. பிரிட்டனில் 1958இல் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பு தொடங்கியபோது பள்ளி முடித்த பையன்களைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், பிற்பாடுதான் தொழில் தெரிந்தவர்களை அனுப்பும் அமைப்பாக அது மாறியது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961இல் வந்தது, அந்த வருடமே இந்தியாவுக்கும் ஆட்களை அனுப்பி 1976 வரைக்கும் இங்கே இருந்தது. ஐ.நா. பொதுச்சபை 1970இல் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தை உருவாக்கியது. குஜராத் நிலநடுக்கம் நடந்த 2001இல் தொடங்கிய அமெரிக்கன் இந்தியா ஃபவுண்டேஷன், இந்தியத் தொண்டு நிறுவனங்களில் பத்து மாதம் வேலை செய்யும் ஃபெல்லோஷிப் ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. ஜெர்மனி அரசு 2008இல் ஆரம்பித்த வெல்ட்வெர்ட்ஸ் திட்டம் 18 வயதிலிருந்து 28 வரையிலான இளைஞர்களுக்கானது. அதே 2008இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஊழியர்களைக் குழுவாக ஒரு மாதம் மட்டும் வெளிநாடுகளுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், திட்டங்கள் மாறும், சில நின்றும் போகும், விண்ணப்பிக்கும் முன் இப்போது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது இரண்டுதான்: எத்தனை காலம், எந்த மாதிரி ஆள். ஒரு மாதத்துக்கு வரும் தொழில்முறை ஆளிடம் உங்கள் கணக்கு முறையைச் சீர்செய்யச் சொல்லலாம், ஆனால் கிராமத்துப் பெண்களோடு பழகி அவர்களுக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்கச் சொல்ல முடியாது, பேர் தெரிந்துகொள்ளவே அந்த மாதம் போய்விடும். பத்து மாதம் இருப்பவரிடம் அதைக் கேட்கலாம். பள்ளி முடித்து வரும் 18 வயதுப் பிள்ளையிடம் நிதி திரட்டும் பொறுப்பைக் கொடுத்தால் அது அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். காசு யார் கொடுப்பது? பொதுவாக விமானச் செலவு, காப்பீடு, மாதாந்தர உதவித்தொகை எல்லாம் அனுப்பும் அமைப்பின் பொறுப்பு. நம் பக்கம் மேசை, இணையம், வேலைக்காகச் சுற்றும் உள்ளூர்ப் பயணச் செலவு, மேற்பார்வைக்கு ஒரு ஆள். சில திட்டங்கள் தங்குமிடத்தை நம்மிடம் கேட்கும், சில நம்மிடம் பங்குத்தொகையும் கேட்கும், இது திட்டத்துக்குத் திட்டம் வேறு. கூச்சப்படாமல் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். தெரியாமல் போகிற செலவு ஒன்று இருக்கிறது, அது உங்கள் ஆளின் நேரம். முதல் இரண்டு மாதம் உங்களில் ஒருவருடைய வேலை நேரத்தில் பாதியாவது அந்த ஃபெல்லோவோடு போகும். இரண்டே பேர் ஓட்டுகிற டிரஸ்டுக்கு அது லேசான விஷயம் இல்லை.

அடுத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நாம் எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வது. 2010ஆம் வருடச் சட்டம், 2020இல் திருத்தம் வந்து இன்னும் இறுகியிருக்கிறது. புதிதாகப் பதிவு செய்யவே டிரஸ்டுக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாயாவது முக்கியப் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும், பணம் வருவது புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் திறக்கும் கணக்குக்கு மட்டும்தான். ஒருவர் வந்து தன் உழைப்பைக் கொடுப்பது வேறு, பணமோ பொருளோ கொடுப்பது வேறு, சட்டம் பார்ப்பது இரண்டாவதைத்தான். இங்கேதான் நல்லெண்ணத்தில் தவறு நடக்கும். ஃபெல்லோ கிளம்பும்போது, "இந்த லேப்டாப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து டிரஸ்டுக்கு வரும் பொருளும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது.

நம் ஊரில் இதை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பாதிப் பேருக்கு சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சொந்தம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் சம்பாதிக்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா மகன் அனுப்பினால் ஆகும், கூடப் பிறந்தவராக இருந்தாலும் சரி, ஒரே கோயிலுக்குப் புள்ளியாக, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பமாக இருந்தாலும் சரி. ஒவ்வொன்றையும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விசா பற்றிப் பலர் கவலையே படுவதில்லை, நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். சுற்றுலா விசாவில் வருபவர், பணமோ வேறு பிரதிபலனோ எதுவும் வாங்காமல், அதிகபட்சம் ஒரு மாதம் மட்டும் தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் என்றால் சுற்றுலா விசா போதாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் கௌரவப் பணி செய்ய வருபவர்களுக்கு வேலைவாய்ப்பு விசா வகையிலேயே இடம் உண்டு, விசாவில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் குறித்திருக்கும். அதனால் "நம்மகிட்ட வேலை குறைவா இருக்கு, பக்கத்து டிரஸ்டுக்கு ரெண்டு மாசம் அனுப்புவோம்" என்று நாமாக முடிவெடுக்க முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், இப்போது இணையத்திலேயே செய்யலாம். அப்புறம், அவரைத் தங்க வைப்பவர் யாராக இருந்தாலும், ஓட்டலோ வீடோ, 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை இணையத்தில் பதிய வேண்டும். "நம்ம வீட்டு மாடியில சும்மா இருக்கிற அறைதானே" என்று விட்டுவிடக் கூடாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்த விசா அலைச்சலும் பதிவு அலுவலகத்தில் பதிவதும் இல்லை, ஆனால் அவர்களும் ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

சரி, சட்டம் முடிந்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் அக்காவை நான் சாப்பாட்டு நேரம் வரைக்கும் உட்கார வைத்ததற்குக் காரணம்.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு, ஒரு ஆளைத் தூர தேசத்துக்கு வேலைக்கு அனுப்புவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடைகள் இருந்த காலத்தில், இங்கேயிருந்து கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாளாகவோ அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளாகவோ போகிறவர் கப்பல் ஏறும் முன் சம்பளச் சீட்டு என்று ஒன்று எழுதுவார்கள். கெடு மூன்று வருடம். எந்த ஊர்க் கடை, மூன்று வருடத்துக்கும் சேர்த்து என்ன சம்பளம், அதில் கையில் இப்போது எவ்வளவு முன்பணம், அங்கே யார் சொல்படி நடக்க வேண்டும், எப்படி ஒழுங்காக இருக்க வேண்டும் எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். கெடு முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் கடைக் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். முன்னூறு வரி ஒப்பந்தம் இல்லை, ஒரு சீட்டு. ஆனால் வருகிறவருக்கும் வைத்திருப்பவருக்கும் அதில் சந்தேகம் இருக்காது.

ஃபெல்லோ வருவதற்கு முன் நீங்கள் எழுத வேண்டியதும் அந்த மாதிரி ஒரு சீட்டுதான். அனுப்பும் அமைப்பு தன் பங்குக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைக் கொடுக்கும், அது பொறுப்பு, காப்பீடு, தகராறு வந்தால் என்ன என்பதைப் பற்றியது, அதைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் வேலை என்ன என்று அதில் நீங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். "எங்கள் பெண்களின் பொருளுக்கு மார்க்கெட்டிங் செய்து தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புகிற டிரஸ்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் டிரஸ்டும் முதல் தடவை அப்படித்தான் எழுதியது. வந்த பெண்ணுக்கு 26 வயது, நல்ல கெட்டிக்காரி, பத்து மாதம் இருந்தார். முதல் மூன்று மாதம் அவர் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. காலையில் பணியாரம், மதியம் யாராவது ஒரு வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் பிள்ளையார்பட்டிக்கோ ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடத்துக்கோ அழைத்துப் போவது என்று விருந்தாளியாகவே வைத்திருந்தோம். நம் ஊர் விருந்தோம்பலில் எனக்குப் பெருமை உண்டு, ஆனால் அது அந்தப் பெண்ணை வேலை செய்ய விடவில்லை. ஒருநாள் அவரே வந்து, "நான் எதற்கு இங்கே இருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதினோம். கொட்டான் என்கிற பனையோலைப் பெட்டி பின்னுகிற எங்கள் பெண்களுக்கு ஒரு கொட்டானுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குக் கொடுக்கும் கூலி சரிதானா, இதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். அவ்வளவுதான் எழுதியது. அந்தப் பெண் மறுநாளிலிருந்து ஒரு கைக்கடிகாரமும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆச்சி வீட்டு முகப்பில் பெண்களோடு பாயில் உட்கார்ந்துவிட்டார். பனங்குருத்தோலை காய வைக்கிறது, ஒரே அகலமாகக் கிழிக்கிறது, சாயத்தில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துகிறது, பின்னுகிறது, கடைசியில் வாய் ஓரம் கட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் குறித்தார். கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கிற சின்னக் கொட்டான்தான். மூன்று வாரம் குறித்துவிட்டுக் காட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது: நாங்கள் கூலி கொடுத்தது பின்னுகிற நேரத்துக்கு மட்டும். ஓலை கிழிக்கிற நேரமும் சாயம் வைக்கிற நேரமும் யார் கணக்கிலும் வரவில்லை, அதைப் பெண்கள் வீட்டு வேலையோடு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்த எங்களுக்குத் தோன்றாதது, வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்ததும் தெரிந்தது. அந்த வருடமே கூலியை மாற்றினோம்.

ஃபெல்லோவால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வரும்.

அதே பெண் போனபின் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆர்டர், சரக்கு இருப்பு, யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு கணக்குத்தாளாகப் போட்டுக் கொடுத்திருந்தார், அழகாக வேலை செய்தது. அது அவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவர் ஊர் போய்ச் சில மாதத்தில் ஏதோ காரணத்துக்காக அந்தக் கணக்கை மூடினார், எங்கள் கணக்குத்தாளும் அதோடு போனது. கல்யாண சீசன், முன்பணம் வாங்கிய ஆர்டர்கள் நிற்கின்றன, யாருக்கு எத்தனை என்று பெண்களின் வாய்க்கணக்கை வைத்து நான்கு நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, முதல் நாளே டிரஸ்ட் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, இதில்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லாதது நாங்கள். கப்பல்காலத்து மேலாள் கணக்கை ஒப்படைக்காமல் ஊர் திரும்பியிருக்க முடியாது, நாங்கள் அந்த ஒரு வரியை எழுத மறந்தோம். ஆகவே சீட்டில் கிளம்பும் மாதத்தை முதலில் எழுதுங்கள். அந்த மாதத்தில் யார் கையில் எது இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அங்கேயிருந்து பின்னோக்கி மற்ற மாதங்களை நிரப்புங்கள். கடைசி ஒரு மாதம் புது வேலை எதுவும் கொடுக்காதீர்கள், சொல்லிக் கொடுப்பது மட்டும்.

சொல்லிக் கொடுப்பதென்றால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஃபெல்லோ வந்த நாளிலிருந்து அவர் கூடவே உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மொழிபெயர்க்க மட்டும் என்றால் அது அந்தப் பிள்ளையை வீணாக்குவது. ஃபெல்லோ செய்யும் எல்லா வேலையையும் அவரும் செய்ய வேண்டும். ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள், ஆச்சிமார் பேசுகிற பேச்சு அதற்குப் பிடிபடாது, அதைவிட, ஒரு பெண் தன் கூலியைப் பற்றி ஃபோனைப் பார்த்துப் பேச மாட்டார்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் இடமென்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், அவருடைய சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழை அனுப்பும் அமைப்பிடம் கேளுங்கள், நல்ல அமைப்பு கேட்காமலே கொடுக்கும். பிள்ளைகளோடு தனியாக ஒரு அறையில் இருப்பதில்லை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் போடுவதில்லை என்று சீட்டிலேயே எழுதுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது, ஒரு குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அதன்படி குற்றம். மறுபக்கமும் பாருங்கள்: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டம், சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்யும் பெண்ணையும் காக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். தூரத்திலிருந்து தனியாக வந்து நிற்கும் பெண், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே அவர் கையில் இரண்டு பெண்களின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

தங்குமிடம் பற்றி ஒன்று. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி அத்தனை அறை, ஃபெல்லோவுக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். வேண்டாம். பார்க்க அழகு, ராத்திரி தனியாக இருக்க முடியாது. ஆள் நடமாட்டம் உள்ள வீட்டு மாடி ஒன்று, தனிக் கழிப்பறையோடு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். சித்திரை, வைகாசியில் வரச் சொல்லாதீர்கள், முதல் வாரமே வெயிலில் படுத்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்து அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அவருக்கு என்ன வேலை நடக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். மூன்று எழுதினார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தர வேண்டும், மையத்துக்கு ஒரு இணையதளம் வேண்டும், எந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க எந்த அளவு வருகிறது என்று வருடம் முழுவதும் பார்த்துக் குறித்துவைக்கும் முறை ஒன்று வேண்டும்.

முதல் வேலைக்கு யாரும் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள், அடுத்த வருடமும் இங்கேயே இருப்பார்கள். இரண்டாவதை அக்காவின் மருமகனே ஒரு வாரத்தில் செய்துவிடுவார். இந்த இரண்டுக்கும் ஃபெல்லோவை அழைத்தால் பத்து மாதம் கழித்து மையம் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாவதுதான் ஃபெல்லோவுக்கான வேலை, ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரால் அதைச் செய்ய முடியாது.

"அப்ப வெளிநாட்டுக்காரங்க சரிப்பட மாட்டாங்களா?" என்றார் அக்கா.

சரிப்படுவார்கள் என்றேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அங்கே பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்து அனுபவப்பட்ட இளம் ஆசிரியர் ஒருவர் ஒரு வருட விடுப்பில் வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். எந்தத் திட்டத்துக்கு எழுதினாலும், இந்தத் தேவையை முதல் வரியில் சொன்னால் அவர்களால் அப்படி ஆள் தேட முடியும், தேட முடியாவிட்டால் முடியாது என்றாவது சொல்வார்கள்.

அக்கா அந்தத் தாளில் முதல் இரண்டையும் அடித்தார். மூன்றாவதுக்குக் கீழே "தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். தொடங்கும் மாதம் ஜூலை, முடியும் மாதம் ஏப்ரல். நோட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, மையத்தில் உதவிக்கு வரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் பெயரை எழுதினார்.